பூவை மறைத்தவள்

ரயில் நிலையத்தில், "வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்து சேரும், பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பெண்குரல் சொல்லுமே, எங்கள் நிலையத்தில் அந்தக் குரல் அவளுடையது. இருபத்தாறு வருடமாக அதே வேலை. இப்போதெல்லாம் பாதிக்கு மேல் கணினியே பேசிவிடுகிறது. ஆனாலும் கடைசி நிமிடத்தில் வண்டி நடைமேடை மாறினாலோ, கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோனாலோ கணினிக்கு வாய் வராது. ஆள்தான் பேச வேண்டும்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர், முறை வைத்து வேலை. கண்ணாடித் தடுப்பு, இரண்டு நாற்காலி, கரகரவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. அவள் எழுந்திருக்கும்போது நான் உட்காருவேன். அந்தப் பத்து நிமிடத்தில் பேசிக்கொண்டதுதான் எங்கள் பழக்கமெல்லாம். இந்தக் கதையையும் அவள் எனக்குப் பத்துப் பத்து நிமிடமாகத்தான் சொன்னாள்.

வீட்டில் அவளுக்கு 'மைக்கு' என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்காவின் கணவர். அத்தான் வெல்டர். அவருக்குப் பேச்சு குறைவு, இவளுக்கு அதிகம். "மைக்கு வந்துட்டா, ரேடியோவ நிறுத்து" என்பாராம்.

அக்கா இவளைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தாள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படித்தார்கள். கை ஓய்ந்தால் தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சமையலறைக்குப் பின்னால் மூன்று படி இறங்கினால், இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண். அதில் சுவரோரமாகக் கொடி பீன்ஸ். முழங்கால் உயரத்தில் நிற்கிற குத்துச்செடி இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே ஏறி, சாண் நீளக் காய் காய்க்கிற இனம். அது ஏறுவதற்கு அத்தான் பட்டறையில் மிஞ்சிய கம்பிகளைப் பற்றவைத்துக் கூடாரம் மாதிரி ஒரு சட்டம் செய்து நட்டிருந்தார்.

அந்தக் கொடியின் பூ இரண்டு நிறம். மேலிதழ் நல்ல சிவப்பு, கீழிதழ் வெள்ளை. "பாதி உதட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டதும் பஸ் வந்திருச்சு போல, அப்படியே ஓடி வந்துட்டா" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அக்கம்பக்கத்து விதைக் கடைகளில் முழுச் சிவப்புதான் கிடைக்கும். இந்த இரட்டை நிறம் யாரிடமிருந்து அக்காவுக்கு வந்தது என்ற விவரம் அவளோடு போய்விட்டது. அக்கா போய் நான்கு வருடம்.

அவள் போன பிறகு அத்தான் தனியாகத்தான் இருந்தார். வேறு ஊரில் இருக்கும் மகள் கூப்பிட்டும் போகவில்லை. "அங்க வந்துட்டா கொடிக்கு யார் தண்ணி விடுவா?" என்று கேட்டார். மகள் அதை மைக்குவிடம் சொல்லி அழுதாள். "சித்தி, அப்பாவுக்கு என்னைவிட அந்த பீன்ஸ்தான் முக்கியமாப் போச்சு."

"அது பீன்ஸ் இல்லடி, உங்கம்மா" என்றாளாம் இவள். அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தும்தான் அப்படிச் செய்தாள் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன வருடம் அத்தானுக்கு இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் பத்து நாள், பிறகு மகள் வீட்டில் ஒன்றரை மாதம். கொடி அப்போது இடுப்பளவு ஏறியிருந்தது. புறப்படும் அன்று வீட்டை மைக்குவிடம் ஒப்படைத்தார்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்தினா போதும். வெயில் காஞ்சா தினமும் ஊத்து. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"நான் பாத்துக்கிறேன் அத்தான். நீங்க உங்க இடுப்பப் பாருங்க."

"மறந்துட மாட்டியே?"

"ஊருக்கே நேரம் சொல்றவ நான். எனக்கு மறக்குமா?"

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போனாள். மூன்றாம் நாள் எங்கள் அறையில் ஒருத்தி லீவில் போனாள். இன்னொருத்திக்குக் காய்ச்சல். மைக்கு ஒரே ஆளாக இரண்டு முறை வேலையும் பார்த்தாள். லீவில் போனவள் நான்தான். என் அம்மாவுக்குக் கண் அறுவை. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. "உன் லீவெல்லாம் ஒரு காரணமே இல்ல" என்பாள். அவள் காரணம் என்று சொல்வது வேறு.

ஐந்தாம் நாள் சாயங்காலம். வேலை முடிந்து வரும் பஸ் அத்தான் தெரு முனையில் நின்றது. கொடி ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அன்று அவளுக்கு ஜன்னலோரச் சீட்டு கிடைத்திருந்தது. நாளெல்லாம் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இறங்கினால் அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் முதல் வேலையாகப் போய்விடலாம் என்று நினைத்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

"மறந்து போயிருந்தா மன்னிப்பு உண்டு" என்று என்னிடம் சொன்னாள். "எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஞாபகத்த மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

மறுநாள் காலை எழுந்தபோதே நேரமாகிவிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒருமுறை தள்ளிப்போட்ட வேலைக்குக் கால் முளைத்துவிடும். நாம் போகப் போக அது தள்ளிப் போகும். கடைசியாகத் தண்ணீர் விட்டதிலிருந்து ஒன்பதாம் நாள் போனாள். அந்த ஒன்பது நாளும் ஒரு மேகம் இல்லை.

கதவைத் திறந்து பின்படியில் நின்றவளுக்கு முதலில் கொடியே தெரியவில்லையாம். கம்பிச் சட்டம் மட்டும் தெரிந்தது. கிட்டே போனால், இலையெல்லாம் அப்பளமாகக் காய்ந்திருந்தது, தொட்டதும் நொறுங்கியது. தண்டு வைக்கோல் நிறம். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நான்கு வாளி தண்ணீர் ஊற்றினாள். வெடிப்பு வழியாக அது கடகடவென்று உள்ளே போனது. மறுநாள் வந்து பார்த்தாள். ஒரு இலைகூட நிமிரவில்லை.

அக்காவின் தையல் மெஷின் இழுப்பறையில் விதை டப்பா இருக்கும் என்று தெரியும். திறந்தால் அடியில் வண்டு அரித்த பொடி. அக்கா போனபின் யாரும் விதை எடுத்து வைக்கவில்லை. அத்தான் காயைப் பிஞ்சிலேயே பறித்துச் சமைத்துவிடுவார்.

அப்போது அவள் போனை எடுத்திருக்கலாம். 'அத்தான், இப்படி ஆகிப்போச்சு' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. அன்று அவளுக்கு விடுமுறை. சின்னக் கடப்பாரையை எடுத்துக் காய்ந்த எட்டுக் கொடிகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டினாள். வேர் கிழங்கு மாதிரி பருத்து ஆழமாகப் போயிருந்தது, லேசில் வரவில்லை. மூச்சு வாங்க வாங்க எட்டையும் கெல்லி எடுத்துச் சாக்கில் கட்டி, குப்பை வண்டி வந்ததும் தன் கையாலேயே தூக்கிப் போட்டாள். பிறகு விதைக் கடைக்குப் போய், சிவப்புப் பூப் படம் போட்ட பாக்கெட் ஒன்று வாங்கினாள். விதையை ஊறவைத்து, மண்ணைக் கொத்தி, கம்பிக்கு இரண்டாக ஊன்றி, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். தண்ணீர் விடுவதற்கு ஒன்பது நாளாக வராத சுறுசுறுப்பு, மறைப்பதற்கு ஒரே நாளில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் தவறவில்லை. மகள் வீட்டிலிருந்து அத்தான் போன் செய்வார்.

"கொடி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு அத்தான்."

"சரி."

பொய்யும் இல்லை. ஜம்மென்றுதான் இருந்தது. ஆறு வாரத்தில் அவள் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

அத்தான் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். படி இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கொடியை ரொம்ப நேரம் பார்த்தார். மைக்கு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"தண்டு கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. இந்நேரம் பூ வந்திருக்கணும்" என்றார். பிறகு அவரே, "வெயில் ஜாஸ்தி. நீ என்ன பண்ணுவ. நல்லா பாத்துக்கிட்ட" என்றார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி. "உக்காந்து உக்காந்து உனக்குக் கால் வீங்குதுன்னு உங்கக்கா சொல்லிக்கிட்டே இருப்பா. மகளோட கடைக்குப் போனப்ப கண்ணுல பட்டுச்சு."

அந்தச் செருப்பை அவள் போட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து முதல் மொட்டுக் கொத்து வந்தது. அரிசி மாதிரி மொட்டு, நுனியில் நிறம் எட்டிப் பார்க்கிறது. முழுச் சிவப்பு. வெள்ளை என்பது மருந்துக்குக்கூட இல்லை. மைக்கு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார். கட்டை விரல் நகத்தை வைத்து ஒரு கிள்ளு. கொத்தைக் கைக்குள் மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதே வேலை. வேலைக்குப் போவதற்கு முன் தண்ணீர் விட வருவாள். தண்ணீர் விடும் சாக்கில் இலையை விலக்கி விலக்கி மொட்டைத் தேடிக் கிள்ளுவாள். கொடி சும்மா இருக்குமா? கிள்ளக் கிள்ள அது இரண்டு மடங்காக மொட்டு வைத்தது. உயரத்தில் வருவதைப் பறிக்க ஸ்டூல் போட்டு ஏறினாள். "ஏம்மா, எதுக்கு ஏறுற?" என்று ஜன்னலிலிருந்து கேட்டால், "பூச்சி இருக்கான்னு பாக்குறேன் அத்தான்" என்பாள்.

அவளுடைய நகக்கண்ணில் பச்சைக் கறை படிந்திருந்ததை நானே பார்த்தேன்.

"என்னக்கா நகமெல்லாம்?"

"கீரை ஆஞ்சேன்."

"தினமுமா?"

அவள் மைக்கைத் திருகினாள். ஏதோ ஒரு வண்டி தாமதம். வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டு மைக்கின் விளக்கை அணைத்தவள், "முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட ஒரு நாளைக்கு இருபது தடவ சொல்றேன்" என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

அவளுடைய கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற மனிதர். எதையும் டயர் கணக்கில்தான் பார்ப்பார். "ஆணி குத்தினது அஞ்சாம் நாளு. நீ இன்னும் காத்து அடிச்சுக்கிட்டே ஓட்டுற. எத்தனை நாளைக்கு? பேசாம நிறுத்திப் பிடுங்கிடு" என்றாராம்.

"எப்படிங்க சொல்றது? அந்த மனுசன் எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்காரு."

"சொன்னா திட்டுவாரு. திட்டட்டும். உனக்கென்ன காது புதுசா?"

"திட்ட மாட்டாருங்க. அதான் பயமா இருக்கு."

அத்தான் இதற்குள் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். பேசாத மனிதர் போன் எடுத்து விதைக் கடையில் கேட்டார். அடுத்த வீட்டுக்காரரைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கச் சொன்னார். எரு போதவில்லையோ, எரு கூடிவிட்டதோ, சுண்ணாம்பு வேண்டுமோ என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டி, எல்லாவற்றையும் வாங்கிப் போட்டாள். கொடி இன்னும் கொழுத்தது. ஒரு நாள் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ சாயங்காலமானா பூவுக்குப் புகை மாதிரி தண்ணி தெளிப்பா. அப்பத்தான் பூ நிக்கும்பா. மூணு வருசமா நான் தெளிக்கல. சோம்பேறித்தனம். அதான் இப்படி."

தன் குற்றத்தை வேறொருவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிற மாதிரி கொடுமை கிடையாது என்று மைக்கு சொன்னாள். அன்றே சொல்லிவிட வாயெடுத்தாளாம். "நான் நாளையிலேர்ந்து தெளிக்கிறேன் அத்தான்" என்றுதான் வந்தது.

அவர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை அவள் வந்தபோது ஜன்னலோர நாற்காலி காலி. பின்கதவு திறந்திருந்தது. நடைவண்டி மேல்படியில் கவிழ்ந்து கிடந்தது. அத்தான் கீழே கொடிக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தார். கையில் துணி இஸ்திரி போடும்போது தெளிக்கிற தண்ணீர்ப் புட்டி, அக்காவுடையது.

"அத்தான்!" என்று ஓடினாள்.

"விழல, விழல. கத்தாத. உக்காந்து உக்காந்துதான் இறங்கினேன். இறங்கிட்டேன், ஏறத்தான் முடியல." சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஒரு மணி நேரமாக அப்படியே இருந்திருக்கிறார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. "நல்லதாப் போச்சு. கிட்ட வந்து பாத்ததுலதான் தெரியுது. இங்க பாரு."

அவள் குனிந்தாள். இலைக்கு நடுவிலிருந்து வெறும் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு இலையை விலக்கினார். அங்கேயும் ஒன்று. இன்னொன்று.

"மொட்டு வருது. வராம இல்ல. ஏதோ பூச்சி மொட்ட மட்டும் கடிச்சுட்டுப் போகுது. புழுன்னா இலையும் திங்கும். இது நகத்தால கிள்ளின மாதிரி நறுக்குன்னு இருக்கு பாரு."

மைக்கு தன் கையைப் பார்த்தாள். பிறகு அவருக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பூச்சி இல்ல அத்தான். நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது நாள், ஜன்னலோரச் சீட்டு, காய்ந்த கொடி, கடை விதை, சிவப்பு மொட்டு. அழுதுகொண்டு சொல்லவில்லை; அறிவிப்புச் சொல்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாளாம். அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் அவர் தலையில் வைக்கக் கூடாது என்று தோன்றியதாம்.

அத்தான் கேட்டு முடித்துவிட்டு, "காஞ்சதுக்கு என்ன, வெயில் அப்படி" என்றார். "வேர என்ன பண்ண?"

"வேரா?"

"அடியில கிழங்கு இருக்கும். மேல காஞ்சாலும் அது சாகாது. நான் வருசா வருசம் விதையா போடுறேன்? உங்கக்கா போட்ட வேருதான் ஒவ்வொரு வருசமும் துளிர்க்குது. தண்ணி விட்டுட்டு ரெண்டு வாரம் சும்மா இருந்தா மறுபடி வந்திருக்குமே. எங்க அது?"

கிழங்கு மாதிரி பருத்திருந்ததும், கடப்பாரைக்கு மசியாமல் நின்றதும், சாக்கைத் தூக்கும்போது கனத்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. வெயில் அந்தக் கொடியைக் கொல்லவில்லை. அவள் தோண்டியெடுத்த அன்று அது உயிரோடுதான் இருந்திருக்கிறது.

"குப்பை வண்டியில போட்டுட்டேன் அத்தான்."

"எட்டையுமா?"

"எட்டையும்."

அவர் வெறும் காம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை என்றாள்.

"அட, நான் ஒரு மடையன். உன் வீட்டுல இருக்குமே! வருசா வருசம் உனக்கு விதை குடுப்பாளே. பட்டன் கவர்ல போட்டு. உன்கிட்ட அவ கொடியவிட நல்லா காய்க்குதுன்னு சொல்லிச் சொல்லிப் பூரிப்பாளே. அதுல நாலு விதை குடு, போதும்."

அக்கா கொடுத்தது உண்மை. ஆறு வருடம் தொடர்ந்து கொடுத்தாள், சட்டைப் பட்டன் வரும் சின்னக் காகித உறையில், எண்ணிப் பத்து விதை. மைக்கு அவற்றை ஒரு தடவைகூட ஊன்றவில்லை. முதல் வருடம் சமையலறை அலமாரியில் கிடந்து வண்டு விழுந்தது. அடுத்த வருடம் ஊறவைத்து வேகவைத்துத் தின்றாயிற்று. மற்றவை எங்கே போயின என்பதே தெரியாது. அக்கா கேட்கும்போதெல்லாம், "சூப்பரா காய்ச்சுதுக்கா, உன்னோடதவிட நீளம்" என்று சொல்லிவிடுவாள். வேலைக்குப் போகிறவளுக்கு அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே. அக்கா அதை நம்பினாள். படுக்கையில் கிடந்தபோதுகூட, "இங்க போனாலும் உன் வீட்டுல இருக்கு" என்றாள்.

"இல்ல அத்தான்" என்றாள் மைக்கு. "நான் போடவே இல்ல. அக்காகிட்ட சும்மா சொன்னேன்."

அவர் திட்டவில்லை. கையை நீட்டினார். அவள் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினாள். நாற்காலியில் உட்காரவைத்து, ஈரச் சட்டையை மாற்ற வேறு சட்டை எடுத்துக் கொடுத்தாள். பித்தான் போட்டு முடித்ததும் அவர், "நீ கிளம்பு" என்றார். "நாளைக்கு வரட்டுமா அத்தான்?" "வேணாம். பக்கத்து வீட்டுல சொல்லிக்கிறேன்."

இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அவள் போன் செய்தால் எடுப்பார், "நல்லா இருக்கேன்" என்பார், வைத்துவிடுவார். அக்கா மகள் மட்டும் அழைத்தாள். "சித்தி, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். மைக்கு அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த இரண்டு மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை. அக்கா தன் தங்கைக்கு மட்டுமா விதை கொடுத்திருப்பாள்? சீருடை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறவள். யார் யார் அக்காவிடம் தைத்தார்கள் என்று யோசித்து யோசித்து, விடுமுறை நாட்களில் வீடு வீடாகப் போனாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "அக்கா வெச்ச கொடிய நான் புடுங்கி எறிஞ்சுட்டேன்" என்று மறைக்காமல் சொன்னாள். ஒருவர் வீட்டில் மண் தரையே இல்லாமல் சிமெண்ட் போட்டாகிவிட்டது. ஒருவர் வீடு மாறிப் போய்விட்டார். ஒரு அம்மா, "விதையா? நான் கோட்டுப் பட்டன்னு நெனச்சு எடுத்து வெச்சிருக்கேன்" என்று தையல் டப்பாவைத் திறந்து, ஊதாப் புள்ளி போட்ட மூன்று விதைகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் ஊசி குத்திப் பார்த்த அடையாளமும் இருந்தது. மைக்கு ஆசையாகக் கொண்டுவந்து ஊன்றினாள். எட்டு வருடப் பழசு. மூன்றும் மண்ணிலேயே அழுகிவிட்டன.

கடைசியில் கிடைத்த இடம் இஸ்திரிக் கடை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. கூரை மேலே கொடி படர்ந்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. காய்ந்த நெற்றுகள் தொங்கின.

"தையலக்கா குடுத்த விதைதான்" என்றார் கடைக்காரர். அவர் பிள்ளைகளுக்கும் அக்காதான் தைத்தாளாம். "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். நடுவுல என் மச்சான் எங்கிருந்தோ வேற விதை கொண்டாந்து ஒண்ணா போட்டுட்டான். இப்ப செவப்பும் வருது, வெள்ளையும் வருது, ரெண்டுங்கெட்டானும் வருது. எது எதுன்னு எனக்கே தெரியாது."

இரட்டை நிறப் பூ இருந்த பக்கம் எது என்று கேட்டு, அவர் உத்தேசமாகக் கைகாட்டிய இடத்திலிருந்து பதினொரு விதை உரித்துக்கொண்டாள்.

அத்தான் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் கைத்தடியோடு வந்து திறந்தார். அவள் வாசலிலேயே நின்று, உறையை நீட்டி, இஸ்திரிக் கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். "அக்காவோடதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கலந்துபோயிருக்கு."

அவர் விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடை விதைக் கொடியை அவர் பிடுங்கவில்லை. சட்டம் முழுக்கச் சிவப்பாகப் பூத்துக் காய்த்துத் தொங்கியது.

"இத ஏன் விட்டு வெச்சிருக்கீங்க அத்தான்?"

"அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார்.

அன்று அவர் சமைத்த காயைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள். அவள் தட்டில் இரண்டாம் முறை போடும்போது அவர் கை ஒரு நொடி நின்றதாகவும், பிறகுதான் போட்டதாகவும் மைக்கு சொன்னாள். எனக்கென்னவோ அது அவளுடைய மனப்பிராந்தி என்றுதான் படுகிறது.

பதினொன்றில் ஏழு முளைத்தன. இந்த வருடம் பூத்தன. நான்கு சிவப்பு, இரண்டு வெள்ளை, ஒன்று மட்டும் மேலே சிவப்பும் கீழே வெள்ளையும். அத்தான் இப்போது தடி ஊன்றிக்கொண்டு தாராளமாகப் படி இறங்குகிறார். அந்த ஒரு கொடிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மைக்கு பின்னால் போய் நின்றாள்.

"அத்தான், இதுவும் அக்காவோடதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. அந்த மச்சான் கொண்டாந்த விதையிலயும்…"

"தெரியும்."

"இல்ல, பின்னாடி நீங்க…"

"தெரியும்னு சொன்னேன்ல? முன்ன எதையும் சொல்லல. இப்ப எல்லாத்தையும் சொல்லியே ஆளக் கொல்ற. அந்த வாளிய எடு."

அவர் மன்னித்துவிட்டாரா என்று அவளிடம் கேட்டேன். "அது அவருக்கும் எனக்கும் உள்ளது, எப்படியோ தீந்துக்கும்" என்றாள். "அக்காகிட்ட ஆறு வருசமா சொன்ன பொய்ய எங்க போய்ச் சொல்லித் தீக்குறது? அவ அத நம்பிக்கிட்டே போயிட்டா. அது நல்லதாப் போச்சுன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. நல்லதாப் போச்சா?" என் முறை ஆரம்பமாக இரண்டு நிமிடம் இருந்தது. நான் உட்கார்ந்தேன், அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கேதான் இருக்கிறாள். அத்தானால் குனிய முடியாது என்பதால் களை எடுப்பதும் கொடியைக் கம்பியில் ஏற்றிவிடுவதும் அவள் பொறுப்பு. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இறுக்கிக் கட்டாதே, தண்டு நசுங்கும், இடமிருந்து வலமாகச் சுற்று என்று விரட்டிக்கொண்டே இருப்பாராம். பேச்சு குறைந்த மனிதர் என்று நான் எழுதியதைத் திருத்தச் சொல்லி மைக்கு சொல்லியிருக்கிறாள்.